சவரிராயன் வால்வு

உவர்க்குடி மண்டபத்தில் மளிகைக்கடைக்காரர் மகள் கல்யாணத்தன்று, பந்தி பாதி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்து அடக்கமாகிவிட்ட சவரிராயன் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து பேச ஆரம்பித்தான். அதைக் கேட்டு ஒருத்தரும் மயங்கி விழவில்லை, சிலுவை போடவில்லை, திருநீற்றைத் தேடி ஓடவில்லை, நல்ல டூயட் பாட்டுக்கு நடுவில் இந்தத் தூங்குமூஞ்சிப் பயலுக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று கோபம்தான் பட்டார்கள். உவர்க்குடிக்காரர்களுக்குச் சவரிராயன் பேரைக் கேட்டால் கோபம் வரும். அவன் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அவன் பெண்டாட்டி பிரகாசி அப்போது மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில், சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடகைப் பாத்திரக் கடையில் அவளுக்கு வேலை. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் பாத்திரத்தோடு வருவாள், பாத்திரத்தோடு போவாள், நடுவில் அவளைச் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. குரல் வந்து அண்டாவுக்குள் மோதியது.

"பி ஷிப்டு ஆளுக எல்லாரும் கெழக்குக் கேட்டு வழியா வெளிய போங்க. மேக்க போவாதீங்க. காத்து மேக்க பாத்து அடிக்கி. துணிய நனச்சு மூக்குல வச்சுக்கிட்டுக் கடலப் பாத்துப் போங்க. ஏல சொரிமுத்து, ஏணில ஏறாத, எறங்கு. தங்கப்பழம் அண்ணாச்சி, பைப்ப விட்டுட்டு ஓடுங்க..."

குளிக்க வெந்நீர் கேட்கிற அதே குரல். பிரகாசி அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் வாய் தொறக்கீங்களோ?" என்று தேங்காய் நாரைச் சுவரைப் பார்த்து வீசினாள்.

விஷயம் இதுதான். ஊருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, அமிலம் காய்ச்சுகிற கம்பெனி ஒன்று இருந்தது. அதில் சவரிராயனுக்கு மைக் ரூமில் வேலை. ஷிப்டு மாறினால் அறிவிப்பான், லாரி வந்தால் அறிவிப்பான், ஆபத்து என்றால் எந்தக் கேட்டுக்கு ஓட வேண்டும் என்று அறிவிக்க வேண்டியவனும் அவன்தான். மாடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, அங்கே நின்றால் வளாகம் முழுக்கத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் தொட்டி ஒன்று வெடித்து வாயு கிளம்பியது, கடல்காற்று அதை மேற்கே தள்ளியது, மேற்கே இருந்த பெரிய கேட்டைப் பார்த்து ஓடியவர்களில் பத்துப் பேர் வழியிலேயே விழுந்து செத்தார்கள். மைக்குக்கு முன்னால் மேஜைமேல் தலை கவிழ்ந்து சவரிராயனும் செத்திருந்தான். கிழக்கே போங்கள் என்று ஒரு வார்த்தை யார் காதிலும் விழவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் மைக் செட்டைப் போட்டுப் பார்த்தார்கள், அது கணீரென்று பேசியது. செட்டுக்குள் சத்தத்தைக் கூட்டுகிற கண்ணாடிக் குழலான வால்வை வருஷா வருஷம் புதுசாக மாற்றுகிறோம் என்று கம்பெனி சொன்னது. அப்படியானால் அறிவிக்க வேண்டியவன் தூங்கியிருக்கிறான் என்று மேனேஜர் தயாபரன் சொன்னார், இருமிக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவரும் உள்ளே இருந்தவர்தான். மேற்கே நிறுத்தியிருந்த தன் காரைப் பார்த்து ஓடி, பாதி வாயுவைக் குடித்து, எப்படியோ பிழைத்துக்கொண்டார். அந்த இருமல் அப்போது வந்தது. ஊர்ப் பிள்ளைகள் அந்த இருமலை அச்சாகச் செய்து காட்டும்.

தூங்கிவிட்டான் என்ற வார்த்தை அன்றைக்கே ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனி ரோட்டு முக்கில் கம்பெனிச் செலவிலேயே கருங்கல் நட்டுப் பத்துப் பேரின் பெயரை வெட்டினார்கள், பதினோராவது பெயரை வெட்டவில்லை, வெட்டக்கூடாது என்று கம்பெனி சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ஊரே சொல்லிவிட்டது. பிரகாசியின் வீட்டுக்குத் தூங்கினவன் வீடு என்று பெயர் வந்தது. தபால்காரர்கூட அப்படிச் சொல்லித்தான் வழி கேட்டார். அடுத்த வீட்டுப் பேச்சித்தாய், சொரிமுத்துவின் பெண்டாட்டி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து ஒரே கொடியில் துணி காயப்போட்டவள், அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உம் புருசன் ஒத்த வார்த்த சொல்லியிருந்தா எம் புருசன் இன்னைக்கு இருப்பான்," என்று அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ராத்திரி பகல் எந்நேரமும் முழித்துக்கிடந்து உயிரை வாங்குகிற மனுஷன் அன்றைக்கு மட்டும் எப்படித் தூங்கினான் என்று அவளுக்குப் புரியவுமில்லை, புரியவில்லை என்று சொன்னால் கேட்க ஆளுமில்லை. அந்தக் கல்லில் அவன் பெயர் வர வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் அவளால் முடியாது, சொன்னால் சிரிப்பார்கள்.

இனி அந்த ஆம்ப்ளிஃபையர் கதை. சங்கு மெல்லிசைக் குழுவின் கிட்டார்க்காரன் கிளாட்வினின் அப்பா கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிப்போட்ட வால்வு செட் அது. இரும்புப் பெட்டி கனம், தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆனால் அதில் கிட்டாரை மீட்டினால் நெஞ்சுக்கூடு அதிரும். மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கச்சேரியில் பெரிய வால்வு இரண்டும் நடுப்பாட்டில் ஓய்ந்துபோயின. விபத்துக்குப் பிறகு கம்பெனி மூடிக்கிடந்தபோது பழைய சாமான் ஏலத்தில் கிளாட்வின் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்திருந்தான். அதில் அதே ரக வால்வு ஒரு ஜோடி, புத்தம்புது டப்பாவில் இருந்தது. அவசரத்தில் மேடையிலேயே செட்டை அணைத்து, சூடு தணியக்கூடப் பொறுக்காமல், துண்டால் பிடித்துப் பழசை ஆட்டிப் பிடுங்கி, டப்பாவிலிருந்து எடுத்ததை அடிப்பள்ளம் பார்த்து அழுத்தி, சுவிட்சைப் போட்டான். வால்வு இரண்டும் மெல்லச் சிவந்தன. கிட்டாரைத் தொட்டான், சத்தம் இல்லை. சவரிராயன்தான் பேசினான்.

அன்றைக்குக் கிளாட்வினை நாலு பேர் அடிக்கப் போனார்கள். அவன் வால்வுகளைக் கழற்றிவிட்டான், கல்யாணம் ஒருவழியாக முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் பேச்சித்தாய் அவன் வாசலில் வந்து நின்றாள். "ஏல கிளாட்டு, அவன் எம் புருசன் பேரச் சொன்னான்லா. இன்னொரு தரம் போடு. எம் புருசன் பேர அப்படி யாரும் கூப்புட்டு வருசம் ஆவுது," என்றாள். கிளாட்வின் போட்டான். ஏல சொரிமுத்து, ஏணில ஏறாத, எறங்கு. பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மறுநாள் தங்கப்பழத்தின் பெண்டாட்டி வந்தாள், அதற்கடுத்து மற்றவர்களும் வந்தார்கள், பெயர் வருகிற இடத்தில் ஒவ்வொருத்தியும் "ம்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது, உவர்க்குடியில் எதுவும் வழக்கமாகிவிட அதிக நாள் பிடிக்காது. எந்த விசேஷம் என்றாலும் சாப்பாடு முடிந்ததும் கிளாட்வின் செட்டை அணைத்து, ஆறவிட்டு, புதிதாக வாங்கிய பாட்டு வால்வைக் கழற்றிச் சவரிராயன் வால்வை மாட்டுவான். பந்தி பரிமாறினவர்கள் ஈரத்துண்டு கொடுப்பார்கள். குரல் வந்ததும் கல்யாணப் பெண் மாப்பிள்ளை உள்பட எல்லோரும் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து கிழக்கே போவார்கள். மண்டபத்துக்குக் கிழக்கே கதவு கிடையாது, சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள். தாம்பூலப் பை கொடுக்கிற மேஜையை அந்தக் கதவுப் பக்கம் மாற்றினார்கள். கிழக்குக் கதவு இல்லாத மண்டபத்தில் சம்பந்தம் பேச மாட்டோம் என்று சொல்லுகிற வரைக்கும் போனது. காதுகுத்து வீட்டில் கைக்குழந்தைக்கும் நனைத்த கைக்குட்டை வைத்தார்கள். கூட்டம் கதவைத் தாண்டியதும் கிளாட்வின் செட்டை அணைத்துவிட்டு அவனும் கிளம்பிவிடுவான்.

பிரகாசிக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது இதையெல்லாம் பார்த்துத்தான். ஆறு வருஷம் அவள் வாசலில் காறித்துப்பின ஊர், சீப்பு சீப்பாக வாழைப்பழத்தோடு வந்து நின்று, "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா, சவரி தூங்குற ஆளா?" என்றது. அன்றைக்கே தெரியுமாம்! தெரிந்தவர்கள் ஏன் ஒரு நாளாவது சொல்லவில்லை, தெரிந்த வாயால்தானே தூங்கினவன் வீடு என்று கூப்பிட்டார்கள், மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை ஒரு நாக்கிலாவது வந்ததா? வரவில்லை. இதைவிடச் சொல்லவே வெட்கமான இன்னொரு மனத்தாங்கலும் அவளுக்கு இருந்தது. ஊர்ப்பட்ட பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷன் அவள் பெயரைச் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு மேற்குக் கேட்டுக்குப் போனவள் அவள்தான். அன்றைக்குக் காலையில் மீன்குழம்பில் உப்பு கூடிப்போனதைப் பற்றிச் சண்டை, அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினாள், அதனால் தப்பித்தாள். சோறு கொண்டுபோனவள் பெயர் மட்டும் அவனுக்கு ஞாபகம் வரவில்லையாக்கும் என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

கம்பெனியைத் திரும்பத் திறக்கிற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் தூங்கினவன் வீட்டுக்கு முன்னால் கார் வந்து நின்றது. மேனேஜர் தயாபரன் இறங்கினார், இருமினார், உள்ளே வந்து பாயிலேயே உட்கார்ந்தார்.

"பாருங்கம்மா, நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம். உங்க வீட்டுக்காரர் தூங்கலை. அறிவிப்பு பண்ணியிருக்கார். ஊரே கேட்டிருக்கு, நானும் கேட்டேன்," என்றார். "கல்லுல அவர் பேரை முதல்ல போடறோம். தங்க எழுத்துல போடறோம். மண்டபத்துல ஒரு விழா. நீங்க வந்து அந்த செட்டைப் போடணும், ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

"என்ன வார்த்த சார்?"

"என் வீட்டுக்காரர் சொன்னார், அவங்க கேக்கலைன்னு. உண்மைதானே? அறிவிப்பு சரியா நடந்திருக்கு. எங்க மைக் நல்லா வேலை செஞ்சிருக்கு. மேற்கே போகாதீங்கன்னு சொல்லியும் போனாங்கன்னா கம்பெனி என்ன பண்ணும், சொல்லுங்க?"

அவ்வளவுதான் விஷயம். நேற்று வரைக்கும் பழியைச் சுமக்க ஒரு செத்தவன் போதுமாக இருந்தான், இன்றைக்கு அவனை இறக்கிவிட்டுவிட்டு மற்றச் செத்தவர்கள் தலையில் ஏற்றுகிறார்கள். கம்பெனி மட்டும் வெள்ளைச் சட்டையோடு நடுவில் நிற்கிறது. பிரகாசிக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் புரிந்துகொண்டேதான் சரி என்றாள். பேச்சித்தாய் அடக்கத்தன்று சொன்னது காதில் அப்படியே இருந்தது. நல்லா வேணும், நாளையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு பெயர் வரட்டும், கேட்காதவன் வீடு என்று கூப்பிடட்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அன்று ஒரு அண்டாவை ஓட்டை விழுகிற அளவுக்குத் தேய்த்தாள்.

விழாவுக்கு முந்தின வாரம் மண்டபத்தில் ஒரு சடங்கு வீடு. வழக்கம்போலச் சாப்பாடு முடிந்தது, வால்வு மாற்றியாயிற்று, குரல் வந்தது, எல்லோரும் துண்டோடு எழுந்து கிழக்கே போனார்கள். செட்டை அணைக்க நின்ற கிளாட்வினை மாமன்மார்கள் ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலி மண்டபத்தில் எச்சில் டம்ளர் பொறுக்க வந்த பிரகாசி மட்டும் இருந்தாள். சவரிராயன் நிறுத்தவில்லை. ஊர் போய்விட்டது என்று அவனுக்குத் தெரியாது, அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

அறிவிப்புக்குக் கீழ்ப்படிகிற அவசரத்தில் உவர்க்குடியில் ஒருத்தரும் அந்த அறிவிப்பை முழுக்கக் கேட்டதே கிடையாது. பெயர் கேட்க வந்த பெண்களும் பெயர் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டவர்கள்தான். பிரகாசி டம்ளர்களை மடியில் போட்டுக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டு முடித்தபோது மடியிலிருந்து டம்ளர்கள் உருண்டு மண்டபம் முழுக்கப் போயிருந்தன.

நேராகக் கிளாட்வின் வீட்டுக்குப் போனாள். "ஏல, மைக் நல்லாத்தான் இருந்துச்சுன்னா அந்த மனுசன் பேசுனது ஏம்ல ஒருத்தனுக்கும் கேக்கல?"

கிளாட்வின் தலையைச் சொறிந்தான். பிறகு வால்வு இரண்டையும் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். "இந்தா பாருங்கக்கா. புது வால்வுன்னா உச்சில, கண்ணாடிக்கு உள்ளாற, வெள்ளி பூசுன மாதிரிப் பளபளன்னு இருக்கும். இதுல அது தேஞ்சு கரிஞ்சு கெடக்கு. இது வருசக்கணக்கா எரிஞ்சு ஓஞ்ச வால்வு. வெளக்கு எரியும், சத்து இருக்காது. பேசுதவனுக்குச் செவப்பா எரியுறது தெரியும், மைக் ஓடுதுன்னு நெனப்பான். வெளிய ஒண்ணும் போவாது."

"டப்பா புதுசுன்னியே?"

"டப்பா புதுசுதான். வால்வு மாத்துறவன் எல்லாருக்கும் உள்ள பழக்கம்க்கா இது. புதுச எடுத்து மாட்டுவோம், கழட்டுனது ஒடஞ்சிரக் கூடாதுன்னு அந்தக் காலி டப்பாவுலயே போட்டு வப்போம். நான் டப்பா மேல கோடு கிழிச்சிருவேன். கம்பெனி ஸ்டோர்ல கோடு கிழிக்கல. பழசு புது டப்பாவுல ஏறி அலமாரிக்குப் போயிருக்கு, அடுத்த வருசம் அதையே புதுசுன்னு எடுத்து மாட்டியிருக்கானுவ. செட்டுல உள்ளது டப்பாவுக்கு, டப்பாவுல உள்ளது செட்டுக்கு. வெசாரணைக்கு ஆள் வாறதுக்கு முன்னாடிதான் நெசமாவே புதுசு வாங்கி மாட்டியிருக்கணும். அன்னைக்குக் கழட்டுனதுதான் இந்த ஜோடி. அண்ணன் பேசுனது இதுக்குள்ளயே தங்கிப்போச்சு."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே தெரியும்க்கா," என்றான். "சொன்னா வால்வப் புடுங்கிட்டுப் போயிருவாகன்னு பயம். எனக்கு இப்பத்தான் புரோகிராம் நல்லா வருது."

பிரகாசி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான். ஓட்டை வால்வை மாட்டினவன் ஒருத்தன், புதுசு மாட்டினதாகச் சொன்னவன் ஒருத்தன், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவன் ஒருத்தன், நடுவில் பேசினவனுக்குத்தான் தூங்குமூஞ்சிப் பட்டம். "விழா அன்னைக்கு அந்த டப்பாவையும் எடுத்துட்டு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

விழா அன்று மண்டபத்தில் இடம் இல்லை. புதுக் கல்லைத் துணி போட்டு மூடி மேடையிலேயே வைத்திருந்தார்கள். பத்துப் பேரின் பெண்டாட்டிமார்களை முன்வரிசையில் உட்கார வைத்து ஆளுக்கொரு ஈரத்துண்டு கொடுத்திருந்தார்கள், தங்கள் புருஷன்மார் தலையில் பழி இறங்கப்போவது தெரியாமல் அவர்களும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேல் ஊரிலிருந்து கம்பெனியின் பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். தயாபரன் பேசினார், இருமினார், பேசினார்: அறிவிப்பு நடந்தது, தெளிவாக நடந்தது, அந்த வீரரின் மனைவியே இப்போது சொல்வார்.

பிரகாசி மேடைக்கு வந்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கெழக்குக் கதவப் பூட்டுங்க," என்றாள். கூட்டம் முழித்தது. "பூட்டுங்கங்கேன். இன்னைக்கு ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. இத்தன நாளு எந்திரிச்சுப் போனீங்கல்லா, இன்னைக்கு உக்காந்து கேளுங்க."

யாரோ போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். கிளாட்வின் வால்வை மாட்டிச் சுவிட்சைப் போட்டான். பி ஷிப்டு ஆளுக எல்லாரும் என்று குரல் வந்ததும் பழக்கத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள், பிரகாசியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சொரிமுத்துவின் பெயர் வந்தது, தங்கப்பழத்தின் பெயர் வந்தது, பத்துப் பெயரும் வந்தன. அதற்குப் பிறகு அவர்கள் கேட்டிராதது வந்தது.

"மேனேஜர் சார், காருக்குப் போவாதீங்க. உங்க ரூமுக்குப் பின்னால கதவு இருக்கு, அது வழியாக் கெழக்க வாங்க... சார், கெழக்க... ஏல சொரி, நான் இந்தக் கத்து கத்துதேன், நீ பாட்டுக்கு ஸ்பானரப் புடிச்சுட்டு நிக்கே. மேல பாருல. ஏன் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிய? லைட்டு எரியுது, செட்டு ஓடுது, கேக்கலியா? கேக்குதுன்னா கையத் தூக்குங்கலே... பிரகாசி தூக்குவாளியோட மேக்குக் கேட்டுக்கு வாற நேரம், யாராச்சும் அவளத் திருப்பி அனுப்பிருங்க... கேக்குதா? ஒருத்தனாச்சும் கையத் தூக்குங்கலே. கேக்குதா?"

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை, மூச்சும் நடுநடுவே கேக்குதாவும்தான். பிரகாசி தயாபரன் பக்கம் திரும்பினாள்.

"கையத் தூக்குங்க சார். அறிவிப்பு தெளிவா நடந்துச்சுன்னு சொன்னீங்கல்லா. உங்க பேரையுந்தான் சொல்லியிருக்காரு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் பெரிய ஆட்களைப் பார்த்தார். "அம்மா, அது வந்து..."

"கேட்டுச்சுன்னா எதுக்கு மேக்க ஓடுனீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை, ஊர்ப் பிள்ளைகள் செய்து காட்டுகிற அதே இருமல், ஆறு வருஷமாக ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இருமல், ஆனால் அது எதனால் வந்தது என்று அன்றைக்குத்தான் ஊர் யோசித்தது. பிரகாசி டப்பாவைத் தூக்கிக் காட்டி, வால்வு மாற்றின லட்சணத்தை, செட்டுக்கும் டப்பாவுக்கும் நடந்த மாற்றத்தை, கிளாட்வின் சொன்னபடி ஒன்று விடாமல் சொன்னாள். "அவரு தூங்கல. இவங்க யாரும் கேக்காமலும் இருக்கல. கேக்குற மாதிரி வச்சிருந்தாத்தான கேக்கும்!" என்றபோது அவள் குரலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து இன்னும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சித்தாய்தான் முதலில் எழுந்தாள். ஈரத்துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். "கேக்குதுண்ணே," என்றாள் பெட்டியைப் பார்த்து, "இப்பக் கேக்குதுண்ணே." தங்கப்பழத்தின் பெண்டாட்டி தூக்கினாள். பிறகு மண்டபம் முழுக்கக் கை. கிளாட்வின் கை, மளிகைக்கடைக்காரர் கை, மேல் ஊர்க்காரர்களில் கூட இரண்டு பேர் எதற்கென்று தெரியாமல் தூக்கினார்கள். குரல் நின்றது. வால்வுகள் இரண்டும் மெல்ல மங்கி, கறுத்து, சாதாரணக் கண்ணாடியாகிவிட்டன. அதன்பின் எந்தச் செட்டில் மாட்டியும் அவை பேசவில்லை. பிரகாசி மட்டும் கையைத் தூக்கவில்லை, அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கோபத்தில் அழுகிறவளுக்கு இரண்டு கையும் அதற்கே வேண்டியிருந்தது.

அன்றைக்கு ஊர் கிழக்குக் கதவு வழியாகப் போகவில்லை. மேற்குப் பக்கமாக வெளியேறி, கம்பெனி ரோட்டு முக்குக்குப் போய், பழைய கல்லைக் கடப்பாரை போட்டுப் பிடுங்கினார்கள். தங்க எழுத்துக் கல்லை அதன் துணியைக்கூட விலக்காமல் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்துக் குழாயடியில் குப்புறப் போட்டார்கள். தயாபரன் எந்தக் கதவு வழியாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கம்பெனி வேறு ஊர் தேடிப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயாவது யாராவது டப்பாவைத் திறந்து பார்த்தால் தேவலை.

ஊர்க்காசில் புதுக் கல் வந்தபோது சவரிராயன் பெயரைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிரகாசி ஒத்துக்கொள்ளவில்லை.

"கடைசியாப் போடுங்க," என்றாள். "எல்லாரும் எறங்கிப் போயாச்சான்னு பாத்துட்டுத்தான் அவரு எறங்குவாரு."

அப்படியே வெட்டினார்கள். அடுத்த முகூர்த்தத்தில் பிரகாசி குழாயடியில், குப்புறக் கிடந்த கம்பெனிக் கல்லின்மேல் அண்டாவை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்க வாகான கல், அதற்கு மட்டும் அது நல்ல கல். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவ வந்த பேச்சித்தாய் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏளா பிரகாசி, சாப்ட்டியா?"

"ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதோ?" என்றாள் பிரகாசி, அண்டாவிலிருந்து தலையை எடுக்காமலேயே. பேச்சித்தாய் போகவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, இன்னொரு நாரை எடுத்து, அண்டாவின் மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.